ஒரே அறையில் ஒரு துணி அருங்காட்சியகம்: கொழும்பில் தொடங்க நினைப்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

துணியைக் காட்சிக்கு வைப்பது என்றால் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழிப்பது என்று அர்த்தம். கல்லும் வெண்கலமும் நூறு வருடம் கண்ணாடிக்குள் நிற்கும். பட்டும் பருத்தியும் வெளிச்சம் படும் ஒவ்வொரு மணித்தியாலமும் நிறத்தை இழக்கின்றன, பலத்தையும் இழக்கின்றன, இழந்தது திரும்பி வராது. சிறிய துணி அருங்காட்சியகம் நடத்த விரும்புபவர் இதை மனதில் வாங்கிக்கொண்டால் மற்றத் தீர்மானங்கள் சுலபம். சுவரில் குறைவாகத் தொங்கவிடுங்கள். பெட்டிக்குள் நன்றாக ஓய்வு கொடுங்கள். மிஞ்சும் இடத்தையும் நேரத்தையும் ஆட்களுக்குக் கொடுங்கள். ஒரு மேசையைச் சுற்றிப் பத்துப் பேர் இருந்து தைத்தால், பேசினால், பழைய சேலை ஒன்றும் மங்கப்போவதில்லை.

இந்த வழிகாட்டி பெரிய நிறுவனங்களுக்கானது அல்ல. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு சங்கத்துக்கு ஒரு அறை கிடைத்திருக்கலாம். பாடசாலைப் பழைய மாணவிகள் சேர்ந்து ஒரு வகுப்பறையைக் கேட்டு வாங்கியிருக்கலாம். அந்த அளவில் என்ன செய்ய முடியும் என்பதைத்தான் சொல்கிறேன்.

1. முதலில் போய்ப் பாருங்கள்

கறுவாத்தோட்டத்தில் இருக்கும் தேசிய அருங்காட்சியகம் 1877இல் திறக்கப்பட்டது. சின்ன வயதில் பள்ளிக்கூடத்தோடு போயிருப்பீர்கள். இப்போது இன்னொரு முறை போங்கள். இந்த முறை வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது, யன்னல் எந்தப் பக்கம், ஆட்கள் எந்தப் பெட்டிக்கு முன்னால் நிற்கிறார்கள், எதைத் தாண்டிப் போகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். 2019 டிசம்பரில் தொடங்கிய நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகத்தையும் பாருங்கள். சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் குறிப்பு எழுதி, ஒன்றும் மற்றதற்குக் கீழே ஒடுங்காமல் எப்படி வைப்பது என்பதை அங்கே கற்றுக்கொள்ளலாம்.

காலி வீதியில் பெயார்ஃபுட் கடைக்கும் போக வேண்டும். பார்பரா சன்சோனி 1960களில் தொடங்கிய கைத்தறி வேலை அது. கிட்டத்தட்ட அதே காலத்தில்தான் ஈனா டி சில்வா பத்திக்கை இங்கே திரும்பவும் ஒரு பெரிய கலையாக எடுத்து நிறுத்தினார். அப்புறம் புறக்கோட்டை. கெய்சர் வீதியிலும் குறுக்குத் தெருக்களிலும் உள்ள புடைவைக் கடைகளில் ஒரு காலைப்பொழுது நில்லுங்கள். கடைக்காரர் துணியை விரலுக்கிடையில் தேய்த்துப் பார்த்தே பருத்தியா, பொலியெஸ்டர் கலந்ததா என்று சொல்வார். அந்த விரல் உங்களுக்கும் பழக வேண்டும்.

2. எதைச் சேர்ப்பது, எதை வேண்டாம் என்பது

சேகரிப்பு என்று அறிவித்த அடுத்த கிழமையே கூறைச் சேலைகள் வந்து குவியும். எல்லாம் அழகானவை, எல்லாம் ஒரே மாதிரியானவை. வீட்டில் உடுத்திக் கிழிந்த நூல் சேலை, தாத்தாவின் சாரம், கைத்தையல் போட்ட தலையணை உறை, குரோஷே மேசை விரிப்பு, ஏணை கட்டிய சேலை, இவை ஒன்றும் வராது. 'இதையெல்லாம் யார் பார்ப்பார்கள்' என்று அவற்றை வீட்டிலேயே வைத்துவிடுவார்கள். நீங்கள்தான் கேட்டுப் பெற வேண்டும்.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்றொரு ஊர் இருக்கிறது. அங்குள்ள கறுப்பினப் பெண்கள் கிழிந்த வேலை உடுப்புகளை வெட்டிக் குளிருக்குப் போர்வை தைத்தார்கள். 2002இல் அந்தப் போர்வைகள் நியூயோர்க்கின் விட்னி அருங்காட்சியகச் சுவரில் தொங்கின. முழங்கால் தேய்ந்து வெளுத்த காற்சட்டைத் துணிதான் அந்தப் போர்வைகளின் நிறமே. நம் வீடுகளில் கழிவென்று ஒதுக்கியிருப்பதை எடுத்து வெளியே வைக்கத் துணிவு வேண்டும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இப்படித் தைக்கும் போர்வைக்குக் குயில்ட் என்று பெயர். அது மூன்று அடுக்கு: மேல்துணி, நடுவில் பஞ்சு அல்லது பழைய துணி, அடித்துணி. மூன்றையும் ஊசியை மேலும் கீழுமாக ஓட்டித் தைத்துப் பிடிப்பார்கள். கொழும்பு வெக்கைக்கு யாருக்குப் போர்வை வேண்டும் என்று கேட்கலாம். இங்கே அது கட்டில் விரிப்பாகவும் குழந்தையின் படுக்கையாகவும் சுவரில் மாட்டும் படமாகவும் வாழ்கிறது. வங்காளத்துக் காந்தாவும் இதே குடும்பம். பழைய சேலைகளை அடுக்கி, அந்தச் சேலைகளின் கரையிலிருந்தே நூலை உருவி எடுத்துத் தைப்பார்கள். இன்னொரு ஊற்று நம் ஆடைத் தொழிற்சாலைகள். 1978இல் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியதிலிருந்து வெட்டுத்துண்டுகள் மலிவாகக் கிடைக்கத் தொடங்கின. அவற்றைச் சேர்த்துத் தைத்த கால்மிதியும் விரிப்பும் இல்லாத வீடு குறைவு. தைத்தவர்களில் பலர் பகலில் அதே தொழிற்சாலை மெசினில் வேலை செய்தவர்கள். அந்தத் துண்டுகளும் உங்கள் சேகரிப்புக்கு உரியவைதான்.

எல்லையை ஒரு வாக்கியத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். 'கொழும்பு வீடுகளில் உடுத்ததும் விரித்ததும் தைத்ததும்' என்பது நல்ல எல்லை. அது தமிழ் வீடுகளோடு நிற்காது. முஸ்லிம், மலாய், பறங்கியர், சிங்களக் குடும்பங்களும் அதே ஒழுங்கையில்தான் இருக்கின்றன. துவைத்து ஒரே கொடியில் காயும் துணிகளைப் பார்த்தாலே போதும்.

3. நாலைந்து நல்ல காட்சிகள்

எனக்கு மிகவும் பிடித்தது 'ஒரு சேலையின் ஆயுள்'. ஒரே சுவரில் இடமிருந்து வலமாக: விசேஷத்துக்கு உடுத்த சேலை, அதற்கு அடுத்து வீட்டில் உடுத்து நிறம் போன சேலை, பிறகு ஏணை கட்டிய சேலை, பிறகு பிள்ளைக்கு விரித்த பல அடுக்குத் தையல் விரிப்பு, பிறகு சமையலறைக் கைப்பிடித் துணி, கடைசியில் நிலம் துடைத்த துண்டு. ஒரே சேலையின் எல்லாக் கட்டமும் கிடைக்காது, அதனால் ஒரே வகைத் துணியாகப் பாருங்கள். ஏணைச் சேலையை எடுத்துப் பாருங்கள்: பாரம் தாங்கிய இடத்தில் நெசவு விலகி, இழைகள் ஒரு பக்கமாக இழுபட்டு, முடிச்சுப் போட்ட முனை மட்டும் மடிப்புக் குலையாமல் இறுகிப்போயிருக்கும். அந்த முடிச்சை அவிழ்க்க வேண்டாம். இஸ்திரியும் போட வேண்டாம். பார்ப்பவருக்குக் குழந்தையின் பாரத்தைக் காட்டுவது அந்த இழுபாடுதான்.

இரண்டாவது, 'நெசவு வந்த வழி'. ஒரு சாதாரண இலங்கை வரைபடத்தில் நூல் கட்டி ஊர்களைக் காட்டுங்கள். மருதமுனை, காத்தான்குடிக் கைத்தறிச் சாரமும் சேலையும். கண்டிக்குப் பக்கத்தில் ஹேனாவலவில் சணல் போன்ற ஹண நாரில் நெய்யும் தும்பறைப் பாய். அந்தக் கைவேலை 2021இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது. தெற்கே காலி, வெலிகம பக்கம் மரக் கட்டைகளில் நூல் சுற்றி, ஊசிகளைச் சுற்றிப் பின்னும் பீரலு லேஸ். போர்த்துக்கேயர் காலத்தில் வந்த கலை அது. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் தோண்டிய சாயவேரையும் மறக்காதீர்கள். பருத்திக்குச் சிவப்பு ஏற்றும் வேர் அது. ஒல்லாந்தர் அதை அரச வருமானமாக வைத்திருந்தார்கள். வடக்கிலிருந்து கொழும்புக்கு வந்த குடும்பங்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? தெரிந்தால் பெருமைப்படுவார்கள்.

மூன்றாவது, வெட்டுத்துண்டுக் குயில்ட்டுகள். நான்காவது, வேண்டுமானால், சுற்றியிருக்கும் ஒரே ஒரு ஒழுங்கையின் துணிகள். ஐந்தாவதுக்கு அவசரப்பட வேண்டாம்.

4. துணிக்கு முன்னால் கதை

ஒரு அம்மா ஒரு சேலையைக் கொண்டுவந்து மேசையில் வைக்கிறார். உடனே அளவெடுக்கத் தொடங்காதீர்கள். கதிரை போட்டு, தேத்தண்ணி கொடுத்து, போனில் ஒலிப்பதிவை ஓடவிட்டு, அனுமதி கேட்டுப் பேசவிடுங்கள். ஐம்பது வருடம் கழித்தும் அந்தத் துணி அருங்காட்சியகத்தில் இருக்கலாம். கதை சொல்ல ஆள் இருக்கமாட்டார்.

'இது என்ன வகைச் சேலை?' என்று கேட்டால் ஒரு சொல்லில் பதில் வரும். 'எந்தக் கடையில எடுத்தனீங்கள் அம்மா? ஆரோட போனனீங்கள்?' என்று கேளுங்கள். கடை வரும், பஸ் வரும், விலை வரும், கூட வந்த அக்கா வருவா, அவ வேண்டாம் என்று சொன்ன நிறம் வரும். இன்னும் இரண்டு நல்ல கேள்விகள்: 'கடைசியா எப்ப உடுத்தனீங்கள்?', 'இத்தனை நாளா எங்க வச்சிருந்தனீங்கள்?' இரண்டாவது கேள்வியின் பதிலில் பராமரிப்புக்குத் தேவையான தகவலும் இருக்கும்: தேக்கு அலுமாரியா, றங்குப்பெட்டியா, பொலித்தீன் பையா, நப்தலீன் போட்டதா.

ஒன்றைக் கவனமாகச் சொல்ல வேண்டும். கொழும்பில் சில தமிழ்க் குடும்பங்களிடம் இருக்கும் ஒரே பழைய துணி, 1983 ஜூலையில் கையில் பட்டதை எடுத்துக்கொண்டு ஓடியபோது தப்பியது. அதைப் பற்றி நீங்களாகத் தோண்டிக் கேட்கக் கூடாது. அவர் சொன்னால் கேளுங்கள், நிறுத்தினால் ஒலிப்பதிவையும் நிறுத்துங்கள். காட்சிக்கு வைக்கலாமா, பெயர் போடலாமா என்று வேறொரு நாள் திரும்பவும் கேளுங்கள். உணர்ச்சி மேலிட்ட நேரத்தில் சொன்ன சம்மதத்தை முடிந்த சம்மதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எழுத்து வேலையும் உண்டு. அன்பளிப்பா, இரவலா என்பதை இருவரும் கையெழுத்திட்ட ஒரு தாளில் எழுதுங்கள். இரவல் என்றால் திருப்பிக் கொடுக்கும் திகதி அதில் இருக்க வேண்டும். ஒவ்வொரு துணிக்கும் வருடம், வரிசை எண் என்று ஒரு இலக்கம் கொடுங்கள். அந்த இலக்கத்தைப் பருத்தி நாடாவில் அழியாத மையால் எழுதி, காய்ந்த பின் கழுவிப் பார்த்து, மை கசியவில்லை என்றால் துணியின் ஒரு மூலையில் நாலு சின்னத் தையலால் பிடியுங்கள். ஸ்டிக்கர், குண்டூசி, ஸ்டேப்ளர் மூன்றும் கூடாது. பசை ஊறும், ஊசி துருப்பிடிக்கும். வந்த அன்றே நாலு பக்கமும் படம் எடுத்து, கிழிசலும் கறையும் எங்கே என்று குறித்து வையுங்கள்.

5. பூச்சி, கஞ்சி, கறை

புதிதாக வந்த துணியை நேராகச் சேகரிப்புக்குள் கொண்டுபோக வேண்டாம். வேறொரு அறையில், வெள்ளைத் துணி விரித்த மேசையில் வைத்து மடிப்புகளைத் திறந்து பாருங்கள். மணல் போலத் தூள், சின்ன ஓட்டைகள், பட்டுக்கூடு மாதிரி ஒட்டிய கூடுகள் இருந்தால் பூச்சி இருக்கிறது. பட்டும் கம்பளியும் அந்துப்பூச்சிக்கு. கஞ்சி போட்ட பருத்தி இராமபாணப் பூச்சிக்கு. அதனால்தான் கஞ்சி போட்ட சேலையை அப்படியே வருடக்கணக்கில் வைக்கக் கூடாது என்று பழைய ஆட்கள் சொன்னார்கள், அது முழுக்கச் சரி.

பூச்சியைக் கொல்ல மருந்து தேவையில்லை. துணியைப் பொலித்தீன் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி, நன்றாக மூடி, மைனஸ் 18 பாகைக்கு இறங்கும் ஃப்ரீசரில் இரண்டு கிழமை வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்க வேண்டாம். ஒரு முழு நாள் அப்படியே இருக்கட்டும். ஈரம் பையின் வெளிப்பக்கம் பிடிக்கும், துணியில் பிடிக்காது. பூசிய வர்ணம், கண்ணாடி, மணி வைத்துத் தைத்தவற்றை மட்டும் இந்த முறைக்கு அனுப்ப வேண்டாம்.

நப்தலீன் உருண்டையின் புகை ஆட்களுக்கு நல்லதல்ல, மூடிய சின்ன அறையில் அது இன்னும் மோசம். வேப்பிலை, கராம்பு வைப்பது நம் வழக்கம். வைப்பதானால் சின்னத் துணிப்பையில் கட்டி, சேலையில் படாமல் வையுங்கள். இலை நேரே பட்டால் கறை பிடிக்கும். ஆனாலும் அதை நம்பி மாதாமாதம் திறந்து பார்ப்பதை விட்டுவிடாதீர்கள்.

கழுவலாமா? சாயம் தெரியாத எதையும் கழுவ வேண்டாம் என்பதே என் பதில். ஈரப் பஞ்சை ஒரு உள்மூலையில் அழுத்திப் பாருங்கள், நிறம் ஏறினால் கதை முடிந்தது. தூசியை எடுக்க, வலைத்துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, துணிக்கு மேல் வைத்து, வெக்யூம் கிளீனரை ஆகக் குறைந்த இழுவையில் மெதுவாக நகர்த்துங்கள். வலை இல்லாவிட்டால் தளர்ந்த இழையும் சேர்ந்து போய்விடும்.

இரண்டு வகைத் துணி தானாகவே நொறுங்கும். இரும்புச் சத்துச் சேர்த்துக் கறுப்பும் கபிலமும் ஏற்றிய பழைய அச்சுத்துணிகளில் கறுப்புக் கோடு போன இடம் மட்டும் உதிர்ந்து ஓட்டையாகும். எடை கூட்டுவதற்கு உலோக உப்பு ஏற்றிய பழைய பட்டு, மடிப்பு வழியே கண்ணாடி போல வெடிக்கும். பழுது யாருடையதும் இல்லை, நெய்த காலத்துச் சாயமும் உப்பும்தான் காரணம். அவற்றைத் தொங்கவிடாமல் படுக்கவைத்து மட்டும் காட்டுங்கள்.

6. அறை: வெளிச்சமும் ஈரமும்

வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். துணியில் படும் வெளிச்சத்துக்கு உலகம் முழுக்க ஏற்றுக்கொண்ட உச்ச அளவு 50 லக்ஸ். உள்ளே நுழையும்போது இருட்டாகத் தெரியும், ஒரு நிமிடத்தில் கண் பழகிவிடும். போனில் லக்ஸ் அளக்கும் செயலி இருக்கிறது. மிகத் துல்லியம் இல்லாவிட்டாலும் எந்த மூலை ஆபத்து என்று காட்டும்.

கணக்குப் போட்டால் விளங்கும். 50 லக்ஸில் தினம் 8 மணித்தியாலம், 90 நாள் என்றால் 36,000 லக்ஸ் மணித்தியாலம். யன்னலோரத்து வெளிச்சத்தை 2,000 லக்ஸ் என்று வைத்துக்கொண்டால் அங்கே ஒரு நாளில் 16,000 போய்விடும். மூன்று மாதக் காட்சியின் செலவு யன்னலோரத்தில் இரண்டேகால் நாளில் முடிகிறது. எனவே யன்னலுக்குக் கனமான திரை போடுங்கள், எல்இடி விளக்கு வாங்குங்கள், ஆள் இல்லாத நேரம் அணைத்துவிடுங்கள். எந்தத் துணியும் மூன்று மாதத்துக்கு மேல் சுவரில் இருக்கக் கூடாது. இறக்கிய பின் குறைந்தது ஒரு வருடம் இருட்டில் ஓய்வு.

ஈரம் கொழும்பின் பெரிய பிரச்சினை. காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் பூஞ்சணம் தொடங்கும், இங்கே சாதாரணமாகவே அதைத் தாண்டியிருக்கும். பலர் ஏசியைப் பகலில் போட்டு இரவில் நிறுத்துகிறார்கள். அந்த ஏற்ற இறக்கம்தான் துணியை அதிகம் வருத்துகிறது. பணம் குறைவென்றால் ஏசியை விட்டுவிட்டு ஒரு ஈர உறிஞ்சி மெசினும் ஓயாமல் ஓடும் ஒரு ஃபானும் வாங்குங்கள். சின்ன ஈரமானி ஒன்றைச் சேமிப்பு அலுமாரிக்குள்ளேயே வையுங்கள். வெளிச்சுவரில் எதையும் மாட்டாதீர்கள், மழைக்காலத்தில் அந்தச் சுவர் ஊறும். கடலோரத்தில் இருப்பவர்களுக்கு உப்புக் காற்றும் சேரும், சரிகை சீக்கிரம் கறுக்கும். சரிகை உள்ள சேலையோடு ரப்பர் பட்டி, கம்பளி வைக்க வேண்டாம். அவற்றில் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுப்பாக்கும்.

சேமிப்புக்கு, மடிப்பதை விடச் சுருட்டுவது நல்லது. பிவிசி குழாயை எடுத்து, அலுமினியத் தாள் சுற்றி, அதற்கு மேல் கஞ்சி போகக் கழுவிய வெள்ளைப் பருத்தி சுற்றி, அதில் துணியைச் சுருட்டுங்கள். குயில்ட்டும் பூத்தையல் துணியும் நல்ல பக்கம் வெளியே வரச் சுருட்ட வேண்டும், அப்போது சுருக்கம் அடித்துணியில் விழும். இடமில்லாமல் மடித்தே வைக்க வேண்டுமானால் மடிப்புக்குள் துணிச் சுருள் ஒன்று வைத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள்.

7. தொங்கவிடுவது

குயில்ட்டின் பின்பக்கம் மேல் விளிம்பில் 4 அங்குல அகலப் பருத்திக் குழாய் ஒன்றைக் கையால் தையுங்கள். ஊசி அடித்துணியையும் நடு அடுக்கையும் மட்டும் பிடிக்க வேண்டும், முன்பக்கம் வரக் கூடாது. நடுவில் ஒரு கைப்பிடி அகலம் விட்டுவிட்டால் அங்கே கொக்கி மாட்டலாம். குழாய்க்குள் ஒரு அலுமினியக் கம்பி. சுவருக்கும் துணிக்கும் இடையில் காற்றுப் போக இடம் விடுங்கள். பாரம் முழு அகலத்துக்கும் சமமாகப் பரவும், ஒரு இடமும் இழுபடாது.

குழாய் தைக்க முடியாத துணிக்கு வெல்க்ரோ. மென்மையான பக்கத்தைப் பருத்தி நாடாவில் மெசினால் தைத்து, அந்த நாடாவைத் துணியில் கையால் தையுங்கள். கொக்கிப் பக்கம் சுவரில் உள்ள மரச் சட்டத்துக்கு. வெல்க்ரோவை ஒருபோதும் நேராகப் பழைய துணியில் மெசினால் ஓட்டாதீர்கள்.

சரிகைக் கரை கனமான பட்டுச் சேலையைத் தொங்கவே விட வேண்டாம். பருத்தி போர்த்த ஒரு சாய்வுப் பலகையில் முந்தானையை மட்டும் விரித்து, மிச்சத்தைச் சுருளாகக் கீழே வையுங்கள். பொம்மைக்கு உடுத்திக் காட்ட எல்லோருக்கும் ஆசை வரும். அதற்குப் புதிய சேலை ஒன்றைப் பயன்படுத்துங்கள். கொசுவம் மடித்துக் குண்டூசி குத்துவதைப் பழைய பட்டு தாங்காது.

8. குறிப்பு அட்டை

ஒரு அட்டைக்கு 60 சொல்லுக்கு மேல் வேண்டாம். முதல் வரியில் ஆளும் செயலும் வரட்டும்: யார், எங்கே, எதற்காக உடுத்தார். நெசவு வகை, அளவு, காலம் கடைசி வரிக்குப் போகட்டும். மூன்று மொழிக்கும் மூன்று பேர் இருந்தால் நல்லது. கண்ணாடி போடும் வயதினர்தான் உங்கள் முக்கியப் பார்வையாளர்கள். மங்கலான அறையில் 20 புள்ளிக்குக் குறைந்த எழுத்தை அவர்கள் வாசிக்கமாட்டார்கள்.

9. நிகழ்ச்சிகள்: அறையின் உயிர் இங்கேதான்

தொடும் மேசையிலிருந்து தொடங்குங்கள். சேகரிப்பில் சேராத, கிழிந்தாலும் பரவாயில்லை என்று தனியே வைத்த துணிகள் அதில் இருக்கும்: பருத்தி, பட்டு, கைத்தறி, மெசின் நெசவு, பத்திக், லேஸ் துண்டு. பூதக்கண்ணாடி இரண்டு. சுவரில் உள்ளதைத் தொட வேண்டாம் என்று சொல்லும் உரிமை இந்த மேசை இருந்தால்தான் உங்களுக்கு வரும். பார்வை குறைந்தவர்களுக்கு அறையில் உள்ள ஒரே காட்சியும் இதுதான்.

பிள்ளைகளுக்கு மஞ்சள் சோதனை. வெள்ளைப் பருத்தித் துண்டை மஞ்சள் கரைத்த சுடுநீரில் நனைத்துக் காயவையுங்கள். பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி முற்றத்து வெயிலில் வைத்தால், காலையில் வைத்தது மாலைக்குள் வெளிறத் தொடங்கும். மூடிய பாதி அப்படியே இருக்கும். கறி பட்ட சட்டையை அம்மா வெயிலில் காயப்போடும்போது மஞ்சள் போகிறதே, அதே வேலைதான். இன்னொரு துண்டில் சவர்க்காரம் தடவினால் மஞ்சள் சிவக்கும். இதைப் பார்த்த பிள்ளைக்கு 50 லக்ஸ் என்றால் என்ன என்று திரும்ப விளக்கத் தேவையில்லை, அறை ஏன் இருட்டு என்று அதுவே மற்றவர்களுக்குச் சொல்லும். பாடசாலை வகுப்பு வந்தால் 40 நிமிடப் பாடவேளைக்குள் முடிக்கும்படி, பிள்ளைகளை மூன்றாகப் பிரித்து, மஞ்சள், தொடும் மேசை, காட்சி என்று சுழற்றுங்கள்.

மாதத்தில் ஒருநாள் 'துணி அடையாளம் காணும் நாள்'. வீட்டில் இருப்பதைக் கொண்டுவரச் சொல்லுங்கள். கரையில் உதிர்ந்து தொங்கும் ஒரே ஒரு இழையை, உரிமையாளரின் அனுமதியோடு வெட்டி, இடுக்கியால் பிடித்து, தண்ணீர்த் தட்டுக்கு மேல் கொளுத்திப் பார்க்கலாம். பருத்தி கடதாசி எரியும் மணத்தோடு எரிந்து சாம்பலாகும். பட்டு முடி கருகும் மணம் தரும், மிஞ்சும் கருமணியை நசுக்கினால் தூளாகும். பொலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகிவிடும், நசுங்காது. 'அசல் பட்டு' என்று நம்பியிருந்தது வேறாகவும் இருக்கலாம், அதனால் முதலிலேயே 'பார்க்கட்டுமா அன்ரி?' என்று கேட்டுவிடுங்கள். சிலருக்கு அது தெரிய வேண்டாம், அந்த விருப்பத்தை மதியுங்கள். விலை மட்டும் ஒருபோதும் சொல்லாதீர்கள். நீங்கள் நகைக்கடையும் இல்லை, அடகுக்கடையும் இல்லை.

தையல் வட்டம்தான் ஆட்களைத் திரும்பத் திரும்ப வரவைக்கும். பத்துப் பேருக்கு மேல் வேண்டாம், ஊசியைக் கையில் காட்டிக் கொடுக்க முடியாது. பொதுக் குயில்ட் ஒன்றை இலக்காக வையுங்கள். ஒவ்வொருவரும் தம் வீட்டுப் பழைய துணியில் 10 அங்குலச் சதுரம் வெட்டி, தாம் நினைக்கும் ஒருவருடைய பெயரையோ ஊரையோ தைத்துக் கொண்டுவரட்டும். கால் அங்குலத் தையல் இடம் விட்டால் ஒவ்வொன்றும் ஒன்பதரை அங்குலம் நிற்கும். ஐந்துக்கு ஆறாக 30 சதுரம் சேர்த்தால் ஏறத்தாழ 47 அங்குலத்துக்கு 57 அங்குலம், ஒரு குழந்தைக் கட்டிலுக்குப் போதும். முதலில் ஒவ்வொரு வரிசையையும் தைத்து, தையல் விளிம்பை ஒரு வரிசையில் வலப்பக்கமும் அடுத்ததில் இடப்பக்கமும் அழுத்தினால், வரிசைகளைச் சேர்க்கும்போது மூலைகள் ஒன்றோடொன்று பொருந்திக்கொள்ளும். பழைய, புதிய துணிகளைக் கலப்பதாக இருந்தால் புதியதை முதலில் கழுவிச் சுருங்கவிடுங்கள்.

இப்படிப் பெயர் தைத்த துணிகள் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு உதாரணம். எயிட்ஸ் நோயால் இறந்தவர்களுக்காக 1987 அக்டோபரில் வாஷிங்டனில் விரித்த குயில்ட்டில் 1,920 துண்டுகள் இருந்தன. ஒவ்வொன்றும் 3 அடிக்கு 6 அடி, ஒரு ஆளின் புதைகுழி அளவு. அரசாங்கம் பேச மறுத்த சாவுகளை ஊசியும் நூலும் பேசவைத்தன. நம் ஊரில் பேச முடியாமல் கிடக்கும் பெயர்கள் எத்தனை. யாரும் வற்புறுத்தாமல், கேள்வி கேட்காமல், ஒரு பெயரைத் துணியில் தைத்துவிட்டுப் போக ஒரு மேசை இருப்பதே பெரிய விஷயம் என்று நான் மனதார நம்புகிறேன்.

முதியவர்களைத் தனியாக ஒரு முற்பகலில் அழையுங்கள். கூட்டம் இல்லாத நேரம், சாய்மானக் கதிரை, நல்ல வெளிச்சமுள்ள தனி மேசை. ஞாபகம் குறைந்தவர்களிடம்கூட ஒரு பழைய நூல் சேலையைக் கையில் கொடுத்தால் விரல் கரையைத் தேடிப் போகும், பேச்சு வரும். தைக்கத் தெரிந்த பாட்டியோடு பேத்தியும் வந்தால் இருவரையும் ஒரே மேசையில் விடுங்கள்.

10. வருடக் கணக்கு

ஜனவரி முதல் மார்ச் வரை கொழும்பில் ஓரளவு உலர்ந்த காலம், பட்டும் சரிகையும் அப்போது வெளியே வரட்டும். மே மாதம் தென்மேல் பருவமழை தொடங்கினால் பருத்திக் குயில்ட்டுகளும் பாய்களும். ஒக்டோபர், நவம்பர் மழையில் சுவரைக் காலியாக விட்டு, நிகழ்ச்சிகளை மட்டும் நடத்துங்கள். நவராத்திரியும் தீபாவளியும் அந்தக் காலத்தில் வருவதால் ஆட்கள் தாமாகவே சேலையைப் பற்றிப் பேசுவார்கள். போயா நாட்களில் திறந்திருங்கள், குடும்பமாக வர முடிந்த நாள் அது.

காட்சி முடிந்து இறக்கும்போது அவசரம் வேண்டாம். கையைக் கழுவி, மோதிரம், காப்பு கழற்றி, ஒரு துணிக்கு இரண்டு பேராக இறக்குங்கள். வந்தபோது எடுத்த படத்தோடு ஒப்பிட்டு, புதிய கறையோ இழுபாடோ இருந்தால் உடனே எழுதுங்கள். இரவல் துணியை அஞ்சலில் அனுப்பாமல் கையில் கொண்டுபோய்க் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி, ஒலிப்பதிவின் ஒரு பிரதியையும் அந்தக் குடும்பத்திடம் கொடுத்துவிடுங்கள்.